பூ விற்கும் கம்பெனி டிசம்பரில் லாபம், அப்புறம் நஷ்டம் காட்டுகிறதே, ஏன்?

அடையாறில் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து அமெரிக்காவின் 1-800-ஃபிளவர்ஸ் பங்கைப் பார்க்கிறீர்கள். கணக்கில் தில்லுமுல்லோ என்று ஒருவருக்குச் சந்தேகம். எனக்குத் தெரிந்து இது சீசன் சமாசாரம்.

கோயம்பேட்டில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மல்லி விலை எகிறும், மறுநாள் படுத்துவிடும். அங்கேயும் பிப்ரவரி காதலர் தினம், மே மாத அன்னையர் தினம் என்று பூவுக்கு முகூர்த்தம் உண்டு. ஆனால் 2014-ல் பழக்கூடை விற்கும் ஹாரி அண்ட் டேவிட்டை வாங்கியபின், கிறிஸ்துமஸ் அடங்கிய அக்டோபர்-டிசம்பர்தான் பெரிய காலாண்டு. அதை மார்ச்சோடு ஒப்பிடாதீர்கள், போன டிசம்பரோடு ஒப்பிடுங்கள்.

நான் முதலில் பார்ப்பது விளம்பரச் செலவும் கூரியர் செலவும். போன வருஷம் ஆன்லைனில் ஒரு ரோஜாச் செடி வாங்கினேன். பெட்டியைப் பிரித்தால் மண் பாதி கொட்டி, தண்டு முறிந்து கிடந்தது. பணம் திரும்பி வந்தது. செடியை அவர்கள் கேட்கவே இல்லை. கேட்டு என்ன செய்வார்கள்? சட்டை என்றால் மறுபடி விற்கலாம்; பூவும் செடியும் வழியில் கெட்டால் நஷ்டம் கம்பெனிக்குத்தான்.

பங்கு விலையும் ஏறி இறங்கி ஆடியிருக்கிறது. 1999-ல் 21 டாலருக்கு வெளியீடு, 2021 தொடக்கத்தில் 30-க்கு மேல், அடுத்த வருஷமே ஒற்றை இலக்கம். வழக்கமான டிவிடெண்டும் (பங்குதாரருக்குத் தரும் லாபப் பங்கு) கிடையாது.

வாங்கினால் அவரவர் பேரிலேயே வாங்குங்கள், ஒருத்தர் கணக்கில் நாலு பேர் பணம் வேண்டாம். வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி தரும் 2,50,000 டாலர் வருட வரம்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனி.