ஏழு கியரை ஒன்பதாக்கலாமா?

கேள்வி: ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் வழியாகத் திருச்சியில் உள்ள அலுவலகத்துக்கு நாள்தோறும் சைக்கிளில் சென்று வருகிறேன். 26 அங்குலச் சக்கரம், முன்னால் மூன்று, பின்னால் ஏழு கியர், வி பிரேக் கொண்ட ஐந்தாண்டுப் பழைய வண்டி. சென்ற மாதம் செயினைப் புதிதாக மாற்றினேன். அன்று முதல் அழுத்தி மிதித்தால் செயின் பல் தாண்டுகிறது. பின்பல்சக்கரத்தையும் மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், ஒன்பது கியராக்கிவிடலாம் என்று 11–34 பல் கொண்ட கேசட் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். அது என் சக்கரத்தில் ஏறவே இல்லை. டிஸ்க் பிரேக்கும் 700சி ஒல்லிச் சக்கரமும் போடும் எண்ணமும் இருக்கிறது. எது எதனுடன் சேரும்?

பதில்: கேசட்டில் எண்ணெய்க் கறை படியாமல் இருந்தால் முதலில் அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. ஆனால் அவர் சொன்ன பின்பல்சக்கரமும் நீங்கள் வாங்கியதும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல.

ஏழு கியர் வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஃப்ரீவீல். பற்களும், பின்னோக்கிச் சுழல விடும் பொறியும் ஒரே உருப்படியாகச் சேர்ந்து, ஹப்பின், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தின், மேலுள்ள மரையில் முறுக்கி ஏற்றப்படுவது அது. அந்த மரையின் அளவு 1.375 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. கேசட் என்பதோ வெறும் பற்களின் அடுக்குதான். பின்னோக்கிச் சுழல விடும் பொறி ஹப்பிலேயே இருக்கும், அதன் நெடுக்குப் பள்ளங்களில் கேசட் செருகப்படும். உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று சக்கரத்தைக் கழற்றாமலே பார்க்கலாம். பற்களைப் பின்னோக்கிச் சுழற்றுங்கள். அச்சை ஒட்டி, கழற்றும் கருவி பொருந்துவதற்கான பள்ளங்கள் உள்ள வளையம் பற்களோடு சேர்ந்து சுழலாமல் நின்றால் அது ஃப்ரீவீல், சேர்ந்து சுழன்றால் கேசட். நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் உங்களுடையது ஃப்ரீவீல்தான்.

அப்படியானால் ஒன்பது கியர் ஃப்ரீவீலாகப் பார்த்து வாங்கலாமே என்று தோன்றும். அவையும் சந்தையில் கிடைக்கின்றன, நான் பரிந்துரைப்பதில்லை. மரை ஹப்பில் வலப்புறப் பேரிங் குண்டுகள் ஃப்ரீவீலுக்கு உட்புறமாக ஒதுங்கி இருப்பதால், பற்களின் அடுக்கு அகலமாக அகலமாக அச்சின் வலப்பகுதி தாங்குவதற்கு ஆளின்றி வெளியே நீள்கிறது. பள்ளம் மேடான சாலையில், முதுகுப்பையும் சேர்ந்த பாரத்தில், அந்த அச்சுதான் முதலில் வளையும், பிறகு முறியும். கேசட் ஏறும் ஹப்பில் குண்டுகள் சட்டத்தின் ஓரத்துக்கு அருகிலேயே அமைவதால் இந்தச் சிக்கல் இல்லை.

ஹப்போடு செலவு முடிவதுமில்லை. 1984இல் ஷிமானோ நிறுவனம் ‘கிளிக்’ கியரைக் கொண்டுவருவதற்கு முன்பு, கியர் நெம்புகோலை விரும்பிய இடத்தில் நிறுத்தலாம் என்பதால் எந்தப் பல்லடுக்கோடு எந்த நெம்புகோலும் ஒருவாறு ஒத்துப்போனது. இன்றைய ஷிஃப்டர் ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒயரைக் குறிப்பிட்ட அளவுதான் இழுக்கும். அந்த அளவு பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளிக்கென்று வகுக்கப்பட்டது. ஏழு கியர் அடுக்கில் அந்த இடைவெளி 5 மி.மீ., ஒன்பதில் 4.35 மி.மீ. ஏழு கிளிக் ஷிஃப்டரை வைத்துக்கொண்டு ஒன்பது பல்லை ஆள முயன்றால் இரண்டு மூன்று பல்லுக்குள் செயின் நடுவில் நின்று கரகரக்கும். ஆக, உங்கள் விருப்பம் நிறைவேற வேண்டுமானால் கேசட் ஹப்புடன் கூடிய பின்சக்கரம், ஒன்பது கிளிக் ஷிஃப்டர், ஒன்பது கியருக்குரிய செயின் ஆகிய மூன்றையும் கேசட்டோடு சேர்த்து வாங்க வேண்டும். புதுச் சக்கரத்தின் ஹப் அகலமும், சட்டத்தில் சக்கரம் உட்காரும் இரு காதுகளுக்கு இடைப்பட்ட தூரமும் ஒத்திருக்க வேண்டும். மலைச்சைக்கிள் வகை வண்டிகளில் இது பெரும்பாலும் 135 மி.மீ. இருக்கும், ஆனாலும் அளந்து பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். ஒரே ஆறுதல், ஷிமானோவின் மலைச்சைக்கிள் வரிசையில் ஏழிலிருந்து ஒன்பது வரை செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் பின் கியர் மாற்றியின் ஒயர்க் கணக்கு ஒன்றே என்பதால், அதே கம்பெனி ஷிஃப்டர் வாங்கினால் உங்கள் பழைய கியர் மாற்றியே போதும். அதே கம்பெனியின் மலைச்சைக்கிள் பத்து கியர் ஷிஃப்டரோ, ஸ்ராம் கம்பெனியின் வேறு ஒயர்க் கணக்கில் இயங்கும் ஷிஃப்டரோ அதனுடன் சேராது.

இவ்வளவும் செய்து கிடைப்பது என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்னால் 42 பல்லும் பின்னால் 14 பல்லும் இருந்தால் ஒரு மிதிக்குச் சக்கரம் மூன்று சுற்றுச் சுழலும். 26×1.95 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.05 மீட்டர், ஆகவே ஒரு மிதிக்கு வண்டி ஆறு மீட்டருக்குச் சற்று அதிகமாக நகரும். நிமிடத்துக்கு எண்பது சுற்று மிதித்தால் மணிக்கு 29 கிலோமீட்டருக்கு மேல் வேகம் வரும். காலை நேரத்துச் சத்திரம் பேருந்து நிலையப் பக்கம் இதற்கு மேல் எங்கே போகப் போகிறீர்கள்? 11 பல் தரும் கூடுதல் வேகம் இறக்கத்தில் மட்டுமே பயன்படும். உங்கள் பாதையில் உள்ள இறக்கங்கள் பாலத்து இறக்கங்கள்தாம்.

எனவே என் யோசனை, 14–28 பல் கொண்ட ஏழு கியர் ஃப்ரீவீல் ஒன்றை வாங்குங்கள். 14–34 வகையும் உண்டு. பொதுவாகக் கிடைப்பதில் முதல் ஆறு பற்கள் இரண்டிலும் ஒன்றேதான், கடைசி மட்டும் 24லிருந்து ஒரே தாவலாக 34க்குப் போகும். பின்னிருக்கையில் குழந்தையை ஏற்றிச் செல்பவர்களுக்கும் மலையேறுபவர்களுக்கும் அது உதவும். ஆனால் உங்கள் கியர் மாற்றி 34 பல் வரை ஏற்கும் வகையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், செயினும் சில கண்ணிகள் நீளமாக வேண்டியிருக்கும். பழைய ஃப்ரீவீல் ஐந்தாண்டு மிதியில் இறுகிக் கிடக்கும் என்பதால் சுத்தியலும் உளியும் வேண்டாம். பள்ளத்துக்குச் சரியான கருவியைப் பொருத்தி, அது வழுக்காமல் இருக்க அச்சு நட்டை மெதுவாக மேலே பிடித்து வைத்து, இடஞ்சுழியாகத் திருப்பினால் வந்துவிடும். புதியதை ஏற்றும் முன் மரையில் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். ஆறு, ஏழு, எட்டு கியர்களுக்குச் செயின் ஒன்றே. சென்ற மாதம் போட்டது அந்த வகைதான் என்றால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

செயின் மாற்றியதும் பல் தாண்டத் தொடங்கியதற்குக் காரணம், நீண்டுபோன பழைய செயினோடு பற்களும் சேர்ந்து தேய்ந்திருந்ததே. இனி ஓர் எஃகு அளவுகோலை வைத்திருங்கள். புதுச் செயினில் 24 கண்ணிகள் ஊசி நடுவிலிருந்து ஊசி நடுவரை சரியாக 12 அங்குலம் இருக்கும். அது பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியதும் செயினை மட்டும் மாற்றினால் ஃப்ரீவீல் பிழைக்கும். எட்டில் ஒரு பங்கு கூடும்வரை விட்டால் இரண்டையும்தான் மாற்ற வேண்டும்.

டிஸ்க் பிரேக் பற்றி நான் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் கவ்வியைப் பொருத்தச் சட்டத்திலும் முன்ஃபோர்க்கிலும் தொழிற்சாலையிலேயே இடம் அமைத்திருக்க வேண்டும், ஹப்பில் வட்டத்தகடு பொருத்த ஆறு திருகுத் துளைகளோ அதற்கென்ற பள்ள அமைப்போ வேண்டும். இவை இல்லாத வண்டிக்குக் கவ்வு வைத்துக் கட்டும் இணைப்புத் தகடுகள் விற்கிறார்கள். டிஸ்க் பிரேக்கின் விசை முழுவதும் ஃபோர்க்கின் ஒரு காலின் கீழ்ப்பகுதியில் இறங்குகிறது. அதைத் தாங்குவதற்கென்று செய்யப்படாத ஃபோர்க்கில் அந்தத் தகட்டைப் போட்டு ஓட்ட நான் என் பகைவருக்கும் சொல்ல மாட்டேன். உங்கள் வி பிரேக்குக்குப் புதுக் கட்டைகளும், புது ஒயரும் அதன் உறையும் போட்டு, ரிம்மைக் கோட்டம் எடுத்துத் துடைத்து வைத்தாலே வேறு வண்டி போல நிற்கும். பிரேக் பிடியை மாற்றுவதாக இருந்தால் வி பிரேக்குக்கென்றே விற்பதை வாங்குங்கள். பழைய கேலிப்பர் பிரேக் பிடி ஒயரைக் குறைவாக இழுப்பதால், பிடி கைப்பிடியை முட்டும்வரை அழுத்தினாலும் கட்டை ரிம்மைச் சரியாகக் கவ்வாது.

700சி சக்கரமும் வேண்டாம். டயர் உட்காரும் விளிம்பின் விட்டம் உங்கள் ரிம்மில் 559 மி.மீ., 700சியில் 622 மி.மீ. ரிம்மின் ஓரம் 31.5 மி.மீ. மேலே போய்விடும்; வி பிரேக் கட்டையை அவ்வளவு உயர்த்த அதன் பள்ளத்தில் இடம் கிடையாது. நீங்கள் தேடும் இலகுவான ஓட்டம் ஒல்லி டயரிலேயே இருக்கிறது. மொத்தைப் பூ போட்ட 1.95க்குப் பதிலாக, அதே ரிம்மில் வழவழப்பான 26×1.5 டயர் போட்டு, பக்கவாட்டில் அச்சிட்டுள்ள அளவுக்குக் காற்றடைத்தால் முதல் நாளே வித்தியாசம் தெரியும். இந்த முழு மாற்றத்திலும் கொடுத்த காசுக்கு அதிகம் தருவது இதுதான். ஆனால் கடையில் ‘26’ என்று மட்டும் கேட்காதீர்கள். 26×1⅜ என்ற டயரும் அந்தப் பெயரிலேயே வரும். அதன் விட்டம் 590, உங்கள் ரிம்மில் தொளதொளக்கும். அப்பா காலத்துக் கறுப்புச் சைக்கிளின் 28×1½ டயருக்கு 635, இன்று 28 என்று சொல்லப்படும் 700சிக்கு 622 என்ற குழப்பமும் இதே கதைதான். டயரின் பக்கத்தில் 40-559 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். பின்னதுதான் விட்டம், அது 559 ஆக இருக்க வேண்டும்.

பெடல், சீட் போன்றவற்றில் சிக்கல் குறைவு. பெடல் மரை பெரியவர்களின் வண்டிகளில் பெரும்பாலும் 9/16 அங்குலம். இடப்பெடலுக்கு மரை எதிர்த்திசையில் ஓடும். அதை மறந்து வலுக்கட்டாயமாக முறுக்கி பெடல் மாட்டும் கிராங்க் ஒன்றையே பாழாக்கியவன் நான். சீட் பைப்பை மாற்றும்போது மட்டும் பழையதை உருவி, அதன் கீழ்ப்பகுதியில் பொறித்துள்ள அளவைப் பாருங்கள். 27.2 என்று இருந்தால் 27.2தான் வேண்டும், 26.8 உள்ளே போகும், ஆனால் ஒரு வாரத்தில் வண்டி ஓட ஓடச் சீட் தானாகக் கீழே இறங்கும்.