ஒரே வாளியில் கார் கழுவினால் கீறல் விழுகிறதே?

சேறு காய்ந்து அப்பிய காரில் முதலில் துணியை வைக்காதீர்கள். ஊறவைப்பதுதான் முதல் வேலை. பூவாளியால் கூரையிலிருந்து கீழ்நோக்கித் தண்ணீர் ஊற்றி, சில நிமிடம் விட்டு மறுபடியும் ஊற்றுங்கள். மண் தானாகவே வழிந்து இறங்க வேண்டும். இதில் மட்டும் அவசரமே கூடாது.

காரில் விழும் வட்டக் கீறல்கள் பெரும்பாலும் ஒரே வாளியில் துணியை அலசியதால் வந்தவை. அதே மணல் திரும்பத் திரும்பப் பெயின்டில் உரசியிருக்கும். ஷாம்பு நீருக்கு ஒரு வாளி, அலச இன்னொன்று வையுங்கள். மைக்ரோஃபைபர் துணியை அழுத்தாமல் நேராக இழுங்கள். சக்கரங்களைக் கடைசியில், வேறு துணியால் கழுவுங்கள்.

அலசிய துணியை விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் அதைக் காரில் வைக்கவே வேண்டாம்.

வெயிலில் சூடேறிய காரைக் கழுவாதீர்கள். ஷாம்பு உடனே காய்ந்து கறையாகிவிடும்.