பறக்கும் நாரை ஏன் மங்கலாகவே விழுகிறது?

கேள்வி: ஆபீஸ் முடிந்து மாலையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் 70-300 ஜூம் லென்ஸோடு நிற்கிறேன். நிற்கும் கொக்கு தெளிவாக வருகிறது. பறந்தால் மங்கல், இல்லாவிட்டால் வாலும் காலும்தான். ட்ரைபாட் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நாரை தலைக்கு மேல் வளையும்போது ட்ரைபாடின் கால் உங்கள் காலைத்தான் தட்டும்.

வாலும் காலும் விழுவதற்குக் காரணம் நீங்கள் போகும் நேரம். பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், இறங்கும். மார்கழி, தையில் வாடை வடகிழக்கிலிருந்து வீசுகிறது. மாலையில் வெயிலை முதுகில் வாங்கி நின்றால் காற்று முகத்தில் அடிக்கும், பறவையெல்லாம் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகும். அதே வாடை வீசும் ஒரு ஞாயிறு காலையில் மேற்கே பார்த்து நின்று பாருங்கள். வெயில், காற்று இரண்டும் உங்கள் முதுகுப்பக்கம். சங்குவளை நாரை முகம் காட்டி எழும்பும்.

அது எழும்பப் போவதும் முன்பே தெரியும். காற்றுப் பக்கம் திரும்பும், உடம்பைத் தாழ்த்தும், பல நேரம் எச்சமிடும். எச்சத்தைப் பார்த்ததும் விரல் பொத்தானில் இருக்க வேண்டும்.

மங்கலுக்கு மருந்து ஷட்டர் வேகம், அதாவது கேமரா ஒளியை வாங்கும் நேரத்தைக் குறைப்பது. நாரைக்கு 1/1600 நொடி, அதைவிடச் சின்னப் பறவையான நெடுங்கால் உள்ளானுக்கு 1/2500. அபெர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) முழுதாகத் திறந்திருக்கட்டும், ஃபோகஸ் நகரும் பறவையை விடாமல் பின்தொடரும் தொடர் முறையில் இருக்கட்டும். பறவை தொலைவில் புள்ளியாகத் தெரியும்போதே ஃபோகஸில் பிடித்துக்கொண்டு கூடவே வாருங்கள். கிட்டே வந்தபின் தேடினால் லென்ஸ் முன்னும் பின்னும் அலைவதற்குள் அது போய்விடும். இடது கை லென்ஸுக்கு அடியில், முழங்கை விலாவோடு ஒட்டி, திரும்புவது இடுப்பிலிருந்து.

அப்புறம் வெள்ளை. மடையான் என்ற சின்னக் கொக்கைக் கவனித்திருப்பீர்கள். உட்கார்ந்திருக்கும்போது சேற்று நிறம், சிறகை விரித்தால் பளீர் வெள்ளை. பறவைக்குப் பின்னால் இருக்கும் கரிய கோரையை நம்பிக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், சிறகு சுண்ணாம்பு அடித்தது போல ஆகிவிடும். அதனால் தானியங்கி ஐஎஸ்ஓவை (கேமரா தானே ஒளியுணர்வைக் கூட்டிக் குறைப்பதை) நான் அணைத்துவிடுவேன். எல்லாவற்றையும் நாமே அமைக்கும் மேனுவல் முறையில், வெயிலில் நிற்கும் ஒரு கொக்கை எடுத்துப் பார்த்து, அதன் இறகு வரி தெரியும் வரை ஐஎஸ்ஓவைக் குறைத்து அப்படியே விட்டுவிடுவேன். பின்னணி வானமோ கோரையோ, பறவைமேல் விழும் வெயில் ஒன்றுதானே. மேகம் மறைத்தால் மட்டும் மாற்ற வேண்டும்.

பறக்க வைக்கக் கல்லெறிபவர்களை அங்கே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். விரட்டிய பறவை எப்படியும் எதிர்ப்பக்கம்தான் பறக்கும். கிடைப்பது அதே வாலும் காலும்.

கைப் பழக்கத்துக்கு மொட்டைமாடிக் காக்கை போதும். கறுப்பு என்பதால் அதற்கு மட்டும் ஐஎஸ்ஓவைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள்.