நாரா போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

ஜப்பானில், ஒசாகாவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். நாரா எனக்கு ரயிலில் முக்கால் மணி நேரம்; எத்தனை முறை போனேன் என்ற கணக்கு எப்போதோ விட்டுப்போயிற்று. நாரா, ஹோர்யூஜி, அசுகா, யோஷினோ பற்றிக் கேளுங்கள். விசா, டிஸ்னிலேண்ட் எல்லாம் என்னிடம் வேண்டாம்.

அக்கா, கியோட்டோவில் நான்கு நாள் தங்குகிறோம். நாராவுக்கு அரை நாள் போதுமா?

போதாது. எல்லோரும் பத்து மணிக்கு வந்து இறங்கி, மானோடு படம் எடுத்து, பெரிய புத்தரைப் பார்த்து, நான்கு மணிக்கு ரயிலேறிவிடுகிறார்கள். ஊர் அழகாக இருப்பது அவர்கள் வருவதற்கு முன்னும் போன பின்னும்தான். ஓர் இரவு தங்குங்கள்.

காலையில் முதல் வேலையாகத் தோதாய்ஜி, அந்தப் பெரிய புத்தர் இருக்கும் கோயில். தெற்கு வாசலில் இருபுறமும் நிற்கும் மரத்துவாரபாலகர்கள் எட்டு மீட்டருக்கு மேல் உயரம். 1203இல் உன்கேய், கைகேய் என்ற சிற்பிகளின் பட்டறை அவற்றை 69 நாளில் முடித்தது. உள்ளே புத்தர் சுமார் 15 மீட்டர். இன்றைய மண்டபம் 1709இல் கட்டியது, அகலம் 57 மீட்டர். தீயில் போன பழைய மண்டபம் 86 மீட்டர் என்பார்கள்.

ஒன்று மட்டும் தவறவிடாதீர்கள். மண்டபத்துக்கு எதிரே எட்டுப் பட்டையில் ஒரு வெண்கல விளக்கு நிற்கிறது. அதன் பலகைகளில் போதிசத்துவர்கள் குழலும் தாளமும் வாசிக்கிறார்கள். மேலாடை காற்றில் பறப்பது வெண்கலத்திலேயே தெரியும். கோயில் தொடங்கிய எட்டாம் நூற்றாண்டுச் சரக்கு. 1180லும் 1567லும் மண்டபம் எரிந்தபோதும் இது தப்பியது. புத்தருடைய தலைகூடப் பிற்காலத்தில் வார்த்ததுதான். ஜனங்கள் இந்த விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள்!

சாயங்காலம் அதே கோயிலின் நிகட்சுதோ மண்டப மேடையில் ஏறி உட்காருங்கள். கட்டணம் இல்லை, இரவிலும் திறந்திருக்கும். கீழே ஊர் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும்.

ஜே.ஆர். பாஸ் இருந்தால் நாரா போகலாமா?

ஜே.ஆர். ரயிலில் போகலாம். கின்டெட்சு என்ற தனியார் ரயிலில் அந்தப் பாஸ் செல்லாது. பூங்காவுக்குப் பக்கம் கின்டெட்சு நாரா நிலையம்தான்.

மான் கடிக்குமா? நாலு வயதுப் பெண் குழந்தை கூட வருகிறாள்.

மானுக்கென்று விற்கும் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆசைகாட்டினால் கடிக்கும். தலையைக் குனிந்து வணங்குகிறது என்று நாம் சிரிப்போம். அது "சீக்கிரம் கொடு" என்கிறது. வாங்கினால் உடனே கொடுத்துத் தீர்த்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுங்கள். புரிந்துகொண்டு அடுத்த ஆளைத் தேடிப் போகும். இலையுதிர் காலத்தில் கடாமான்களிடமும், மே முதல் ஜூலை வரை குட்டிபோட்ட தாய்களிடமும் குழந்தையை விடாதீர்கள். என் பின்பாக்கெட்டில் இருந்த வரைபடத்தை ஒன்று உருவி, நான் திரும்புவதற்குள் பாதியைத் தின்றிருந்தது. காகிதமாவது பரவாயில்லை, பிளாஸ்டிக் பை தின்று செத்த மான்கள் உண்டு. பையை மூடி வையுங்கள்.

நாங்கள் சுத்த சைவம். சோமென் நூடுல்ஸ் சாப்பிடலாமா?

மிவா ஊர் சோமென் இடியாப்பத்தைவிட மெல்லிசு, கோதுமைதான். தொட்டுக்கொள்ளும் சாற்றில் மீன். இங்கே "காய்கறி மட்டும்" என்று கொடுக்கும் சூப்பிலும் தாஷி இருக்கும். தாஷி என்றால் பெரும்பாலும் மீன்சாறு. நாராசுகே ஊறுகாய்தானே என்று வாயில் போடாதீர்கள், அது சாக்கே என்ற அரிசி மதுவின் மண்டியில் ஊறியது. ஷோஜின், அதாவது புத்த மடத்துச் சைவ உணவு தரும் இடத்தில் முன்பதிவு செய்யுங்கள், அங்கும் தாஷியைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்.

காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தான் நாரா புத்தருக்குக் கண் திறந்தார் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

இல்லை. அவர் போதிசேனர், வேறு ஆள். 736இல் சீனா வழியாக ஜப்பான் வந்தார். 752இல் புத்தருக்குக் கண் திறப்பு நடந்தபோது தூரிகையைப் பிடித்தது அவர்தான். நம்மூரில் ஸ்தபதி சிலைக்குக் கண் திறப்பது போலத்தான். தூரிகையில் கட்டிய நீண்ட நூலைக் கூடியிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள், புண்ணியம் எல்லோருக்கும் சேரட்டும் என்று. அந்தத் தூரிகை இன்றும் ஷோசோயின் களஞ்சியத்தில் இருக்கிறது. தீக்குப் பிறகு சீர்செய்த புத்தருக்கு 1185இல் மறுபடி கண் திறந்தபோது, முன்னாள் பேரரசர் கோ-ஷிரகாவா அதே தூரிகையைத்தான் எடுத்தார்.

போதிசேனர் மதுரைக்காரர். அதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்?

ஜப்பானியப் பழைய குறிப்புகள் "நான்-தென்ஜிகு", அதாவது தென்னிந்தியா என்கின்றன. அந்தணர், பரத்வாஜ கோத்திரம் என்கிறார்கள். மதுரை என்பது நம் காலத்தவர் சேர்த்துச் சொல்வது. தென்னிந்தியா என்றாலே மதுரை ஆகிவிடுமா?

ஆகாது என்பதற்கு உங்களிடம் ஆதாரம் உண்டா?

ஆதாரம் தரவேண்டியது ஊர்ப் பெயர் சொல்கிறவர். எனக்கும் ஆசைதான் தம்பி, என் அம்மா பிறந்ததே திருமங்கலம். ஆசைக்காக எழுதிவிட முடியாது. அவரோடு வந்த துறவி புத்தெட்சு, சம்பா நாட்டவர், இன்றைய வியட்நாம். அவர் கொண்டுவந்த இசை இந்நாட்டு அரசவைச் சங்கீதத்தில் கலந்தது. அவரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, வாட்ஸ்அப்பில் வராததால்.

அப்படியானால் போதிதர்மருக்கும் நாராவுக்கும் சம்பந்தமே கிடையாதா?

கதையில் உண்டு. 613இல் ஷோதோகு இளவரசர் கதாவோகா என்ற இடத்தில் பட்டினியாகக் கிடந்தவருக்குச் சோறும் தன் மேலாடையும் கொடுத்தார். அவர் இறந்துவிட, புதைத்த இடத்தைப் பிறகு திறந்தால் உடல் இல்லை, ஆடை மட்டும் மடித்து வைத்திருந்தது. இது நிஹோன் ஷோகி என்ற பழைய வரலாற்று நூலில் இருக்கிறது. அவர்தான் தருமா, அதாவது போதிதர்மர், என்று பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். ஓஜி ஊரில் தருமாஜி என்ற கோயிலே இருக்கிறது. பார்த்தீர்களா, சேர்த்துச் சொல்லும் பழக்கம் அவர்களுக்கும் உண்டு.

நாராவுக்கு அரை நாள் ஒதுக்கினால்…

மேலே இருக்கிறது.

ஹோர்யூஜி கோயிலுக்குத் தனியாகப் போகத் தகுமா?

இதற்குத்தான் காத்திருந்தேன். ஷோதோகு 607இல் கட்டியதாகச் சொல்வார்கள், 670இல் எரிந்தது, பிறகு எழுந்தவை இன்று உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய மரக்கட்டடங்கள். கோபுரத்தின் நடுமரம் வெட்டியது 594 என்று வளையம் எண்ணிக் கண்டார்கள். எரிவதற்கு முன்னே வெட்டிய மரம் எரிந்த பின் எழுந்த கோபுரத்தில் எப்படி வந்தது? ஆய்வாளர்கள் இன்னும் சண்டைபோடுகிறார்கள். தூண்களைக் கைபடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள், நடுவில் மெல்ல வயிறு தள்ளியிருக்கும். 1949இல் பொன்மண்டபச் சுவரோவியங்கள் தீயில் கருகின. அந்த அதிர்ச்சியில்தான் அடுத்த வருடம் பாரம்பரியச் சொத்துகளுக்குச் சட்டம் வந்தது. நிலையத்திலிருந்து இருபது நிமிட நடை.

மார்ச் 20க்கு யோஷினோவில் சகுரா (செர்ரிப் பூ) இருக்குமா?

இருக்காது. ஏப்ரல் முதல் பாதி.

அசுகாவில் என்ன இருக்கிறது?

வயலும் கல்லும். சைக்கிள் வாடகைக்கு எடுங்கள். இஷிபுதாய் என்ற பழைய கல்லறையின் கூரைக்கல்லுக்கு அடியில் நின்றால் தலைக்கு மேல் எழுபது டன்னுக்கு மேல் இருப்பது முதுகில் உறைக்கும்.

சைவம் கிடைக்குமா அக்கா?

தாஷி. தாஷி. தாஷி.

மதுரை என்று கேட்டவன்தான் அக்கா. போதிசேனரின் சமாதி எங்கே இருக்கிறது?

ர்யோசென்ஜி கோயிலில், நாரா நகரின் மேற்கு ஓரம். தோமியோ நிலையத்தில் இறங்கிப் பேருந்து. திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், வண்டிகள் குறைவு. அந்தக் கோயிலில் ரோஜாத் தோட்டம் ஒன்று இருக்கிறது, கூட்டம் அதற்குத்தான். போனால் அவரிடமே எந்த ஊர் என்று கேட்டு வந்து சொல்லுங்கள்.