அந்தச் சிரிப்ப ஏன் எடுத்தாங்க?

அன்புள்ள அக்காவுக்கு,

போன மாசம்தான் பிஎஸ் 5 வாங்கினேன், முதல் கேமா டீமன்ஸ் சோல்ஸ் ரீமேக். 2009ல வந்த பழைய கேம நான் ஆடினதில்ல. இதுவரைக்கும் 6 மணி நேரம் ஆயிருக்கு, முதல் பெரிய எதிரி ஃபாலாங்ஸ முடிச்சுட்டு இப்ப ஸ்டோன்ஃபேங் சுரங்கத்துல நிக்கறேன். கிராஃபிக்ஸ் வேற லெவல், லோடிங்கே தெரியல, மியூசிக் தியேட்டர்ல கேக்கற மாதிரி இருக்கு. கதைன்னு பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா சுரங்கத்துல வர்ற அந்த குண்டு அதிகாரி டிசைன் அட்டகாசம், மூஞ்சி பூரா கொப்புளம், பாத்தாலே குமட்டுது, கெட்டவன்னா இப்படித்தான் இருக்கணும். ஒரே கஷ்டம், செத்து செத்து வெறுத்துப் போச்சு. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து உக்காந்தா கை ஓடமாட்டேங்குது, 29 வயசுலயே கிழவனாயிட்ட மாதிரி இருக்கு. அதனால யூடியூப் வீடியோ ஒண்ண போன்ல ஓடவிட்டு அத பாத்து பாத்துதான் ஆடறேன். என் கேள்வி இதான்: பழைய கேமையும் தேடிப் பிடிச்சு ஆடணுமா, இல்ல இதுவே போதுமா? ஆரம்பத்துல மந்திரம் போடற ராயல்ட்டி க்ளாஸ் எடுத்தது தப்பா?

— பெயர் வேண்டாம், சேலம்

அன்புள்ள தம்பிக்கு,

வர்ற கடிதம் எல்லாத்துக்கும் என்னால பதில் எழுத முடியறதில்ல, உங்களோடத ரெண்டு நாள் மூடி வச்சிட்டேன், ஆனா அந்த குண்டு அதிகாரியப் பத்தின வரி மட்டும் முள்ளு மாதிரி குத்திக்கிட்டே இருந்துச்சு, ஏன்னா ரீமேக் வந்த 2020லேர்ந்து நான் மனசுக்குள்ள சண்டை போட்டுட்டு இருக்கறதே அந்த ஒரு மூஞ்சிக்காகத்தான்.

மொதல்ல சின்ன விஷயங்கள முடிச்சுடறேன். ராயல்ட்டி தப்பே இல்ல, கைல சோல் ஏரோங்கற மந்திர அம்பு இருக்கு, மந்திர சக்தி தன்னால ஏறற மோதிரம் இருக்கு, புதுசா ஆடறவங்களுக்கு அத விட நல்ல ஆரம்பம் கிடையாது. லோடிங், நொடிக்கு 60 ஃப்ரேம், எல்லாப் பக்கமும் உருள முடியறது, இதெல்லாம் நல்ல மாற்றம், அதுல எனக்கு சண்டையே இல்ல. மியூசிக் எனக்கு பழசுதான் பிடிக்கும், அத இன்னொரு நாள் பேசுவோம்.

கை ஓடலன்னு எழுதிருக்கீங்களே, அது வயசில்ல தம்பி. ராத்திரி பூரா முழிச்சு வேலை பாத்துட்டு வந்த உடம்பு அது. விடிகாலைல வந்து உக்காந்து இந்த கேம ஆடாதீங்க. தூங்கி எழுந்து, சாப்பிட்டு, அப்பறம் ஒரு மணி நேரம் ஆடுங்க, போதும். ஆரம்பத்துல வான்கார்ட்ங்கற பூதம் ஒரே அடியில கொன்னு போட்டப்ப உங்களுக்கு கோபம் வந்துச்சா? அங்க எல்லாரும் சாகறதுக்குத்தான் அந்த பூதத்த வச்சிருக்காங்க, தப்பித்தவறி அத ஜெயிச்சுட்டா கூட உள்ள கூட்டிட்டுப் போய் டிராகன் காட் ஒரு குத்து விட்டு கொன்னுடும். செத்தாதான் நெக்ஸஸ்குள்ளயே, அதான் எல்லா ஊருக்கும் வழி இருக்கற அந்த நடு மண்டபத்துக்குள்ளயே, போக முடியும். ஃபாலாங்ஸ முடிக்கற வரைக்கும் ஒரு லெவல் கூட ஏத்த விடமாட்டாங்க. அப்படி கட்டின ஒரு கேம்ல சாவுறத தோல்வின்னு எண்ணிக்கிட்டு உங்கள நீங்களே திட்டிக்காதீங்க.

ஆனா வீடியோ விஷயத்துல உங்கள நல்லா திட்டணும்னு தோணுது. 4,999 ரூபா குடுத்து வாங்கி, யாரோ ஒருத்தன் எந்த மூலைல யார் ஒளிஞ்சிருக்கான்னு சொல்லிக்கிட்டே வர, நீங்க பின்னாடியே அவன் சட்டையப் பிடிச்சுக்கிட்டு போறீங்க, அப்பறம் கதையே இல்லன்னு எழுதறீங்க. இருக்காது தம்பி, அப்படி போனா எந்த ஊர்லயும் கதை இருக்காது. ஸ்டோன்ஃபேங்ல கீழ குனிஞ்சு பாறைய கொத்திக்கிட்டே இருக்காங்களே அந்த சுரங்கத் தொழிலாளிங்க, நாம அடிக்காத வரைக்கும் அவங்கள்ல பாதிப் பேரு நம்மள திரும்பிக் கூட பாக்கமாட்டாங்க, கவனிச்சீங்களா? ராஜா அலண்ட் ஆசப்பட்டு அந்த ஓல்ட் ஒன்ங்கற பழைய பூதத்த எழுப்பிவிட்டு, நாடு பூரா பனிமூட்டம் வந்து, எல்லாருக்கும் புத்தி போயிடுச்சு. ஆனா வேலை மட்டும் நிக்கல. யாருக்காக வெட்டறோம்னு தெரியாமலே வெட்டறாங்க. அவங்களுக்கு நடுவுல நல்ல உடுப்பு போட்டுக்கிட்டு, கோடாலிய பிடிச்சுக்கிட்டு, நெருப்ப வீசிக்கிட்டு ஒருத்தன் நிக்கறான். இதுக்கு மேல என்ன கதை வேணும்? டயலாக் வச்சு சொன்னாதான் கதையா?

இந்த கேம பண்ணின ஹிடெடாகா மியாசாகி ஜப்பான்ல ஷிசுவோகாவுல வளர்ந்தவர், வீட்ல வசதி இல்ல, நூலகத்துல இங்கிலீஷ் புத்தகங்கள எடுத்து வச்சுக்கிட்டு பாதி புரியாம, படத்தப் பாத்து மீதிய தானே கற்பனை பண்ணி நிரப்பிக்குவாராம், அவரே பேட்டில சொல்லிருக்கார். அந்தப் பாதியத்தான் நமக்கும் குடுத்திருக்கார். மீதிய நீங்க நிரப்பணும். அத யூடியூப்காரன் கைல குடுத்துட்டீங்களே.

இப்ப அந்த மூஞ்சிக்கு வர்றேன்.

நீங்க பழச பாத்ததில்ல, அதனால சொல்றேன். 2009 பிஎஸ் 3 கேம்ல அந்த அதிகாரி முகத்துல ஒரு கொப்புளம் கிடையாது. வெளுத்த, கொழுத்த, மழமழன்னு ஒரு முகம், அதுல காதுக்கு காது ஒரு சிரிப்பு. ஒட்டவச்ச மாதிரி, மாறவே மாறாத சிரிப்பு. உங்கள அடிக்கும்போதும் அதே சிரிப்பு, செத்து விழும்போதும் அதே சிரிப்பு. ரீமேக் பண்ணின ப்ளூபாயிண்ட் டெக்சாஸ்ல ஆஸ்டின்ல இருந்த கம்பெனி, கை வேலைல கெட்டிக்காரங்க, அத நான் மறுக்கவே இல்ல, ஸ்டோன்ஃபேங்ல உலை நெருப்போட வெளிச்சம் பாறைல விழுறத பாத்து நானே கொஞ்ச நேரம் ஆடாம நின்னேன். சுவரு, படிக்கட்டு, எதிரி எங்க நிக்கணும் எல்லாத்தையும் பழசுல இருந்த மாதிரியே பயபக்தியோட வச்சிருக்காங்க. அவ்வளவு பயபக்தி உள்ளவங்க அந்த ஆளுக்கு மட்டும் சிரிப்ப எடுத்துட்டு சீழ வச்சாங்க. கெட்டவன்னா பாத்ததும் குமட்டணும்னு முடிவு பண்ணிட்டாங்க. நீங்களும் அதையே எழுதிருக்கீங்க.

எனக்கு 11 வயசுல அப்பா தவறிட்டார். குடும்ப பென்ஷனுக்காக அம்மா ஒரு ஆபீசுக்கு நடந்தாங்க, லீவு நாள்ல என்னையும் கூட்டிட்டு போவாங்க, ரெண்டு பஸ் மாறி போகணும். அங்க ஒருத்தர் இருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெத்தில சந்தனம், எப்பவும் சிரிச்ச முகம். ஒரு நாள் கூட குரல உயர்த்தினதில்ல. "வாங்கம்மா உக்காருங்க"ம்பார், மேஜை டிராயர்லேர்ந்து எனக்கு ஆரஞ்சு மிட்டாய் எடுத்துக் குடுப்பார், ஃபைல புரட்டிப் பாப்பார், "ஒரு சின்ன விஷயம் பாக்கி இருக்கு, அடுத்த வாரம் வாங்களேன்"னு சிரிப்பார். 14 மாசம் தம்பி. 14 மாசம் அந்தச் சிரிப்ப பாத்துட்டு வந்தோம். திரும்பி வர்ற பஸ்ல அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்வாங்க, "தங்கமான மனுஷன், நம்ம நேரம்தான் சரியில்ல"ன்னு. எனக்கு அந்த ஆளு மேல இருக்கற கோபத்த விட, அம்மா அப்படி சொன்னதுதான் இன்னைக்கும் தொண்டைய அடைக்குது.

அப்பறம் அவர மாத்திட்டாங்க. புதுசா வந்தவர் முகம் பூரா அம்மைத் தழும்பு, நிமிந்து பாக்கவே மாட்டார், உக்காரச் சொல்லமாட்டார், எனக்கு அவரப் பாத்தாலே பயம், அம்மா முந்தானைய பிடிச்சுக்கிட்டு பின்னாடி நின்னேன். அவர் ஃபைல பிரிச்சு பாத்துட்டு, "இதுல பாக்கி ஒண்ணும் இல்லையே, இங்க போட வேண்டிய கையெழுத்துதான் போடல"ன்னு சொல்லிட்டு அங்கேயே போட்டார். ஒம்பது நாள்ல பணம் வந்துடுச்சு. அவருக்கு நன்றி சொல்லணும்னு அம்மா திரும்ப போனப்பவும் அவர் நிமிந்து பாக்கல.

2011ல பெங்களூர்ல என் கூடப் பிறந்த தம்பியோட ரூம்ல, அவனோட பிஎஸ் 3ல, அந்த சுரங்கத்துல முதல் தடவ அந்த அதிகாரிய பாத்தப்ப நான் கன்ட்ரோலர கீழ வச்சிட்டேன். ஜப்பான்ல எங்கயோ உக்காந்து யாரோ ஒருத்தர் எங்கம்மாவ 14 மாசம் அலைய விட்ட முகத்த அப்படியே வரைஞ்சிருந்தார். தம்பி கூட திரும்பிப் பாத்து "என்னக்கா ஆச்சு"ன்னான், சொல்லத் தெரியல. உலகத்துல எங்கயும் அந்த ஆளு அப்படித்தான் இருப்பான் போல, நல்லா உடுத்திக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு, நம்ம மேல அன்பா இருக்கற மாதிரியே.

அந்த முகத்துக்கு இப்ப கொப்புளம் போட்டா என்ன ஆகும்னு யோசிங்க. கொப்புளம் ஒரு வியாதி. வியாதிக்காரன் மேல நமக்கு வரவேண்டியது பரிதாபம், இங்க அத வெறுப்பா மாத்தி விடறாங்க. இந்தக் கணக்குல எங்கம்மாவுக்கு பென்ஷன் வாங்கிக் குடுத்த அந்த தழும்பு முகத்துக்காரர்தான் கெட்டவர், மிட்டாய் குடுத்தவர் நல்லவர். சின்ன வயசுல நானும் அப்படித்தான் நம்பினேன்.

மியாசாகி இத எவ்வளவு யோசிப்பார்ங்கறதுக்கு ஒரு சாட்சி இருக்கு. இதுக்கப்பறம் 2011ல அவர் பண்ணின டார்க் சோல்ஸ்ல செத்தும் சாகாத ஒரு டிராகன் வரும். அத வரைஞ்ச ஓவியர் மொதல்ல உடம்பு பூரா புழு நெளியற மாதிரி வரைஞ்சு கொண்டு வந்தாராம். மியாசாகி வேண்டாம்னுட்டார். ஒரு காலத்துல கம்பீரமா இருந்த மிருகம், முடிவே இல்லாம மெல்ல மெல்ல அழிஞ்சுட்டு வருது, அந்த துக்கம் தெரியற மாதிரி வரைய முடியாதான்னு கேட்டாராம். அந்த கேமோட ஓவியத் தொகுப்புல இந்தப் பேச்சு வருது. புழுவும் சீழும் ரொம்ப சுலபம், யார் வேணா போடலாம். அவர் வேலை பாக்காத ரீமேக்ல அதே சுலபமான வழில போயிட்டாங்கங்கறதுதான் என் வருத்தம். வரைஞ்சவங்க திறமைய நான் குறைச்சு பேசல, அந்த தோல்ல ஒவ்வொரு துளையும் எவ்வளவு உழைப்புன்னு எனக்கு தெரியுது. உழைப்பு வேற எடத்துல போயிருக்கணும்.

நீங்க கேட்டது பழச ஆடணுமான்னு. அதுக்கு பிஎஸ் 3 வேணும், பழைய டிஸ்க் வேணும், அதோட ஆன்லைன் சர்வர 2018 பிப்ரவரிலயே நிறுத்திட்டாங்க, தரையில மத்தவங்க எழுதி வைக்கற குறிப்பு, ரத்தக் கறைய தொட்டா தெரியற அவங்க சாவு எதுவும் இப்ப வராது. யார் கிட்டயாவது இருந்தா ஸ்டோன்ஃபேங் வரைக்குமாவது ஆடிப் பாருங்க, அந்த முகத்த ஒரு தடவ நேர்ல பாருங்க. கிடைக்கலன்னா இதுவே போதும், இதுலயும் முக்கால்வாசி உயிரோடதான் இருக்கு.

ஸ்டோன்ஃபேங்க இப்ப விட்டுடுங்க. வீடியோவ நிறுத்திட்டு, நல்லா தூங்கி எழுந்த ஒரு நாள்ல, நெக்ஸஸ்லேர்ந்து லாட்ரியாவுக்கு போங்க. அது ஒரு ஜெயில், பின்னணி இசை கிடையாது. தூரத்துல ஒரு சின்ன மணிச் சத்தம் கேக்கும். கேட்டதும் ஓடாதீங்க, சுவரோரமா நின்னு அது எந்தப் பக்கம் போகுதுன்னு காத குடுத்து கேளுங்க. அங்க என்ன பாத்தீங்கன்னு எனக்கு எழுதுங்க.

அன்புடன்,
அக்கா