பூஜை அறைப் பொருட்கள்: கேள்வி பதில்

முலுண்டு வாசகி: குத்துவிளக்குத் தண்டு வழியே எண்ணெய் வழிந்து தரையெல்லாம் பிசுக்கு. விளக்கை மாற்றிவிடலாமா ஸார்?

மாற்ற வேண்டாம் அம்மா. திரி, மூக்கைத் தாண்டி எண்ணெய் மட்டத்துக்குக் கீழே தொங்கினால் அதன் வழியாகவே எண்ணெய் இறங்கும். நுனி மூக்கின் மேலேயே நிற்கட்டும். அப்படியும் கசிந்தால் எண்ணெய் ஊற்றும் தகழியும் தண்டும் சேரும் மரை தேய்ந்திருக்கிறது. கழற்றித் துடைத்து, பிளம்பர் சுற்றும் டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள்.

செம்பூர் வாசகி: பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்தும் மழைக்காலத்தில் சீக்கிரமே கறுத்துவிடுகிறதே?

கடல்காற்றின் ஈரம் ஒன்று, கழுவாமல் மிஞ்சிய புளி இன்னொன்று. நன்றாக அலசி, ஈரம் போகத் துடைத்து, உலர்ந்த விபூதியால் தேய்த்து வையுங்கள். புளியில் இரவெல்லாம் ஊறவைத்தால் துத்தநாகம் கரைந்து பித்தளை செம்பு நிறமாகும். சங்கை இதோடு சேர்த்துப் புளியில் போடவே கூடாது. சங்கு சுண்ணாம்பு; புளிப்பு அதை அரித்துவிடும்.

மாட்டுங்கா வாசகர்: வலம்புரிச் சங்கு என்று ஒன்றைக் காட்டி ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். எப்படிப் பார்த்து வாங்குவது?

ஊதும் முனை கீழே, ஒடுங்கிய வால் மேலே, வாய் உங்களைப் பார்த்திருக்கும்படி பிடியுங்கள். திறப்பு வலப்பக்கம் இருந்தால் வலம்புரி, இடப்பக்கம் இருந்தால் சாதாரண இடம்புரி. ஆனால் அது மட்டும் போதாது. மெக்சிகோ வளைகுடாவில் கிடைக்கும் ஒரு நத்தை இனம் இயல்பிலேயே இந்தப் பக்கம்தான் சுற்றும். அதுவே இங்கே வலம்புரியாக விற்கப்படுகிறது. டார்ச் அடித்து வாய்க்குள்ளே, ஓடு சுற்றிச் செல்லும் நடுத்தண்டைப் பாருங்கள். மன்னார் வளைகுடாவில் எடுக்கும் நம் சங்கில் மூன்று, நான்கு மடிப்புகள் வரிவரியாக ஏறும். அந்நிய ஓட்டில் தண்டு வழவழப்பாக இருக்கும், ஓடும் மெல்லிசு. மடிப்பு இல்லையா, பணத்தை எடுக்காதீர்கள்.

டோம்பிவலி வாசகர்: அசல் வலம்புரி அரிசியில் புதைத்தால் தானே மேலே வரும் என்பார்கள். என் சங்கை அரிசிக்குள் புதைத்தேன், தானே மேலே வந்தது. இதைவிட என்ன சோதனை வேண்டும்?

பாத்திரத்தைக் குலுக்கினால் அரிசிக்குள் கிடக்கும் பெரிய பொருள் எதுவும் பெரும்பாலும் மேலே வரும். இது சோதனையே இல்லை. தண்டைப் பாருங்கள்.

அதே வாசகர்: எந்தக் கடலில் பிறந்தால் என்ன? பக்தி முக்கியமில்லையா?

பக்தியை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் விலை கொடுத்தது அரிய நம்மூர்ச் சங்குக்கு, கைக்கு வந்தது வேறு. கார்த்திகைச் சோமவாரத்தில் கோயில்களில் 108, 1008 என்று அடுக்கும் சங்குகளில் பெரும்பாலானவை இடம்புரி. வீட்டு அபிஷேகத்துக்கும் நல்ல இடம்புரி தாராளமாகப் போதும்.

வாஷி வாசகி: சங்கில் மஞ்சள் கறை. எலுமிச்சை தேய்க்கலாமா?

கூடாது. மேலே புளிக்குச் சொன்னதேதான். வெந்நீரும் வேண்டாம், சாதா தண்ணீர், மென்மையான பிரஷ்.

தாணே வாசகர்: வலம்புரியை அரிசியில் வைத்து...

தண்டைப் பாருங்கள் ஸார்.

காட்கோபர் வாசகி: செம்புக் கிண்ணத்தில் பஞ்சாமிர்தம் வைக்கலாமா?

புளிப்புள்ள எதையும் செம்பில் வைக்காதீர்கள், பச்சைக் களிம்பு பிடிக்கும். வெள்ளி அல்லது எவர்சில்வர்.