ஒரே பெயரில் இரண்டு சாயம்: எதை வாங்குவது?

கேள்வி: தேவகோட்டையில் கண்டாங்கிச் சேலைக் கடை வைத்திருக்கிறேன். மகள் காரைக்குடியில் எம்.எஸ்சி. படிக்கிறாள். உயிருள்ள செல்லுக்குள் துத்தநாகத்தைப் பார்க்க ஃப்ளூவோசின்-3 என்ற ஒளிரும் சாயம் வேண்டுமாம். பொட்டாசியம் உப்பு 500 மைக்ரோகிராம் ஒரு விலை. 'ஏஎம்' வடிவம், 50 மைக்ரோகிராம் வீதம் 10 குப்பி, அதைவிடக் கூடுதல் விலை. எடை ஒன்றுதானே, மலிவானதை வாங்கினால் என்ன?

பதில்: வாங்காதீர்கள். உப்பு வடிவத்துக்கு மின்சுமை உண்டு. செல்லின் சவ்வைத் தாண்டி அது உள்ளே போகாது. தண்ணீர் மாதிரியைச் சோதிப்பதென்றால் அது போதும், உங்கள் மகளின் வேலைக்கு ஆகாது. 'ஏஎம்' வடிவத்தில் அந்த மின்சுமையை மூடி வைத்திருக்கிறார்கள். சாயம் உள்ளே நுழைந்ததும் செல்லின் எஸ்டரேஸ் நொதிகள் மூடியை வெட்டிவிடும். அப்புறம் அது வெளியே வர முடியாமல் அங்கேயே தங்கி, துத்தநாகத்தைப் பிடித்து ஒளிரும்.

வெறும் 50 மைக்ரோகிராமா என்று யோசிக்க வேண்டாம். ஒரு குப்பியை 50 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தால் ஏறக்குறைய 1 மில்லிமோலார் கரைசல். 2 மைக்ரோமோலாரில் பயன்படுத்தினால் 25 மில்லிலிட்டருக்கு வரும். கரைத்த சாயம் ஈரம் பட்டால் கெடும், அதனால்தான் சின்னச் சின்னக் குப்பி. மைனஸ் 20 டிகிரியில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். நம்ம ஊர் வெயிலில் கூரியர் அலுவலகத்தில் கிடக்க விடாதீர்கள். திறக்கும் முன் குப்பி அறை வெப்பத்துக்கு வரட்டும், இல்லையென்றால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

ஆர்டர் போடுமுன் நுண்ணோக்கியைப் பார்க்கச் சொல்லுங்கள். 494 நானோமீட்டர் நீல ஒளியில் தூண்டினால் 516-இல் பச்சையாக ஒளிரும். பச்சை ஒளிர்வைப் பார்க்க நுண்ணோக்கியில் வழக்கமாக இருக்கும் எஃப்ஐடிசி ஃபில்டர் போதும். செல்லில் ஏற்கெனவே பச்சை ஒளிர் புரதம் இருந்தால் இரண்டும் குழம்பும்.

முதல் பார்வையில் ஒளி மங்கலாக இருந்தால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். இந்தச் சாயத்தின் பிணைப்பு அளவு 15 நானோமோலார், அதாவது கட்டற்ற துத்தநாகம் அவ்வளவு இருந்தால்தான் பாதிச் சாயம் அதைப் பிடித்திருக்கும். சாதாரண செல்லில் கட்டற்ற துத்தநாகம் அதைவிட மிகக் குறைவு. துத்தநாகமும், அதைச் செல்லுக்குள் கொண்டுபோகும் பைரித்தியோனும் சேர்த்தால் ஒளி ஏற வேண்டும், பிறகு துத்தநாகத்தைச் சாயத்திடமிருந்து பிடுங்கிக்கொள்ளும் டிபென் சேர்த்தால் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அவள் பார்த்தது துத்தநாகமே இல்லை. ஆகவே டிபெனையும் கூடவே வாங்கிவிடுங்கள்.

பில்லில் 'ஏஎம்' என்ற எழுத்துகளும் லாட் எண்ணும் இருக்கட்டும். குப்பியின் லேபிளில் 'ஏஎம்' இல்லையென்றால், திறக்காமலே திருப்பி அனுப்புங்கள்.